ஜப்பானிய உளி: எந்த விலைக்கு எந்தத் தரம்?

கையில் 20,000 யென் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பத்து உளிகள் அடங்கிய ஒரு பெட்டி கிடைக்கும். அதே பணத்துக்கு, கொல்லர் ஒருவர் தன் பட்டறையில் அடித்த இரண்டே இரண்டு உளிகளும் கிடைக்கும். எதை வாங்குவது? மரவேலை பழகும் பலர் இந்தக் கேள்வியில்தான் மாதக்கணக்கில் நின்றுபோகிறார்கள்.

படத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் வழியில்லை. மலிவான உளியிலும் கறுப்பு இரும்பு, ஓக் மரக் கைப்பிடி, தலையில் பூண், அலகில் ஜப்பானிய எழுத்து எல்லாம் இருக்கும். விலை உயர்ந்ததிலும் அதேதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூருக்காகக் கொடுக்கும் பணம் ஒரு கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டம் நடுத்தர விலையிலேயே வந்துவிடும். அதற்குமேல் கொடுப்பது மெருகுக்கும் பெயருக்கும் அரிய பொருள் என்பதற்கும். அவற்றுக்குப் பணம் கொடுப்பது தவறில்லை, ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் ஒயிரே நோமி என்ற வகையைப் பற்றி. மேசை, பெட்டி, நாற்காலி வேலைக்குச் சுத்தியலால் தட்டிப் பயன்படுத்தும் பொது உளி இது.

## எதை வைத்து அளப்பது

எஃகும் தோய்ச்சலும் (காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குவது). ஜப்பானிய உளி இரண்டு உலோகங்களால் ஆனது. வெட்டும் பக்கத்தில் மெல்லிய கடின எஃகு, அதன் முதுகில் மென்மையான இரும்பு. இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்து ஒட்டுகிறார்கள். எஃகு மட்டுமே இருந்தால் அந்தக் கடினத்தில் சுத்தியல் அடியைத் தாங்காமல் உடையும். பின்னால் இருக்கும் மெல்லிரும்பு அடியை வாங்கிக்கொள்வதால் எஃகை ராக்வெல் சி அளவில் 62 முதல் 65 வரை கடினமாக்க முடிகிறது. வழக்கமான மேற்கத்திய உளிகள் பெரும்பாலும் 58 முதல் 62 வரை நிற்கும்.

எஃகின் பெயரைத்தான் விற்பவர்கள் பெரிதாகப் போடுவார்கள்: வெள்ளைக் காகிதம் 1, வெள்ளைக் காகிதம் 2, நீலக் காகிதம் 1, 2 என்று. ஷிமானே மாநிலத்தின் யசுகியில் உருவாகும் எஃகு வகைகள் இவை. இவற்றைச் செய்யும், ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று நாம் அறிந்த நிறுவனம் 2023 முதல் புரோட்டீரியல் என்ற பெயரில் இயங்குகிறது. வெள்ளை 1 என்பதில் கரிமம் சுமார் 1.25 முதல் 1.35 சதவீதம், வெள்ளை 2 என்பதில் 1.05 முதல் 1.15 சதவீதம். நீலத்தில் அதே கரிம அளவோடு கொஞ்சம் குரோமியமும் டங்ஸ்டனும் சேரும்.

ஆனால் எஃகின் பெயரைவிடத் தோய்ச்சல் முக்கியம். வெள்ளை எஃகுக்குச் சரியான வெப்பநிலையின் இடைவெளி மிகக் குறுகியது. கொஞ்சம் அதிகம் காய்ந்தால் எஃகின் உள்மணிகள் பெருத்து, கூர் பொடிப்பொடியாக உதிரும். குறைந்தால் கூர் மடங்கும். இரண்டு கொல்லர்கள் ஒரே வெள்ளை 1-ஐ வாங்கி அடித்தாலும் உளிகள் வேறு வேறாகத்தான் இருக்கும். எனவே "எந்த எஃகு?" என்று கேட்பதற்கு முன்னால் "யார் அடித்தது?" என்று கேளுங்கள்.

வடிவ நேர்த்தி. உளியின் தட்டையான பக்கத்தில் நடுவே குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். உரா என்பார்கள். கடின எஃகு முழுவதையும் கல்லில் தேய்க்க வேண்டியதில்லை, சுற்றியுள்ள மெல்லிய விளிம்பு மட்டும் சமமாக இருந்தால் போதும். இந்தக் குழிவு ஆழம் குறைந்தோ ஒருபக்கம் சாய்ந்தோ இருந்தால் சில வருடத் தீட்டலில் காணாமல் போகும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் தேய்க்க வேண்டிய பரப்பு கூடிக்கொண்டே போகும். அலகின் இரு பக்கமும் இணையாக இருக்கிறதா, அலகும் கழுத்தும் கைப்பிடியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதும் பார்க்க வேண்டியவை. கோணலான கழுத்து எந்த நல்ல எஃகையும் வீணாக்கிவிடும்.

உங்கள் மரம். ஜப்பானியத் தச்சர்கள் அதிகம் புழங்குவது ஹினோக்கி, சுகி போன்ற மென்மரங்கள். மென்மரத்தின் நார் நசுங்காமல் வெட்டுப்பட மிக நுண்ணிய கூர் வேண்டும். நாம் புழங்குவது தேக்கு, வேங்கை, பலா, வேம்பு. தேக்கில் மணற்சத்து இருப்பதால் எந்தக் கூரும் வேகமாக மழுங்கும். வேங்கை போன்ற கெட்டி மரத்தில் உளியைத் துளைக்குள் விட்டு நெம்பினால் கடின எஃகு வாய் தெறிக்கும். அதற்காக ஜப்பானிய உளி இந்த மரங்களுக்கு ஆகாது என்றில்லை. 30 பாகையில் வரும் கூரின் சாய்வை 33, 35 என்று ஏற்றிக்கொள்ள வேண்டும், நெம்பும் பழக்கத்தை விட வேண்டும்.

முழுச் செலவு. உளியின் விலைச்சீட்டில் இருப்பது பாதிக் கதைதான். மீதியைத் தனியாகவே கீழே எழுதியிருக்கிறேன்.

கீழே வரும் விலைகள் 24 மி.மீ. அகல உளி ஒன்றுக்கு, தோராயமாக. அண்மைக் காலத்தில் 1 யென் 55 முதல் 60 பைசா என்று வைத்துக் கணக்கிடலாம்.

## கடைப் பெட்டி: 1,500 முதல் 3,000 யென்

ஜப்பானின் பெரிய வன்பொருள் கடைகளில் தொங்குவது இது. ஆலையிலேயே எஃகும் இரும்பும் சேர்த்துத் தகடாக வரும் பொருளை வாங்கி, வெட்டி, இயந்திரத்தில் வடிவம் கொடுத்து முடிக்கிறார்கள். இரு உலோகங்களும் சேரும் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல் நேராக இருந்தால் பெரும்பாலும் இந்த வகை.

இதைக் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. ஆலைத் தகட்டில் ஒட்டு விடும் குறை அரிது. தோய்ச்சலும் சீராக இருக்கும், ஆனால் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் மென்மையாகவே விட்டிருப்பார்கள். கூர் நல்ல மேற்கத்திய உளியின் அளவுக்கு நிற்கும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இதன் மறைமுகச் செலவு உங்கள் நேரம். உராப் பக்கம் சமமாக இல்லாத உளியைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்துவது சலிப்பான வேலை. பத்து உளிப் பெட்டி என்றால் அதைப் பத்து முறை செய்ய வேண்டும். வழக்கமான பெட்டியில் 3, 6, 9, 12, 15, 18, 24, 30, 36, 42 மி.மீ. என்று வரும். ஒரு பூ என்ற பழைய அளவு ஏறத்தாழ 3 மி.மீ. என்பதால் இந்த வரிசை. வீட்டு வேலைக்கு 36-உம் 42-உம் எத்தனை தடவை கையில் எடுப்பீர்கள்?

இது பொருந்தும் இடங்கள் உண்டு. வெளியே சென்று கதவு, ஜன்னல் பொருத்தும் வேலை, ஆணி தட்டுப்பட வாய்ப்புள்ள பழைய மரம், பசை அடுக்குள்ள பிளைவுட், பலர் கை மாறும் பயிற்சிப் பட்டறை. இங்கெல்லாம் கொல்லர் உளியைக் கொண்டுபோவதுதான் தவறு.

## கொல்லரின் சாதாரண வரிசை: 6,000 முதல் 13,000 யென்

நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஜப்பானில் உளிக்குப் பெயர்போன இடங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஹியோகோ மாநிலத்தின் மிகி. 1580-இல் முடிந்த நீண்ட முற்றுகைக்குப் பின் ஊரைத் திரும்பக் கட்டத் தச்சர்கள் திரண்டார்கள், அவர்களுக்குக் கருவி செய்யக் கொல்லர்கள் வந்தார்கள் என்பது அந்த ஊரின் வரலாறு. இன்னொன்று நீகாத்தா மாநிலத்தில் சான்ஜோவும், இப்போது நாகாவோகா நகரோடு சேர்ந்துவிட்ட யோயிதாவும். யோயிதாவின் வெட்டுக் கருவிகளுக்கு 1986-லும் மிகியுடையவற்றுக்கு 1996-லும் மரபுக் கைவினை என்ற அரசு அங்கீகாரம் கிடைத்தது. மிகியின் ஓஉச்சி, இயோரோய், யோயிதாவின் கோயமாஇச்சி போன்ற பட்டறைப் பெயர்கள் வெளிநாட்டு வாங்குபவர்களுக்கும் நன்கு தெரிந்தவை.

இவற்றின் சாதாரண வரிசை கறுப்பு மேற்பரப்போடு, சிவப்பு அல்லது வெள்ளை ஓக் கைப்பிடியோடு, வெள்ளை எஃகில் வரும். இந்த விலையில் நீங்கள் வாங்குவது மூன்று விஷயங்கள். கவனித்துச் செய்த தோய்ச்சல். சரியாகச் செதுக்கிய உரா. பிறகு, அலகின் இரு ஓரங்களிலும் மேலே ஏறி வரும் எஃகு. சாய்வை முன்னிருந்து பார்த்தால் எஃகுக் கோடு அடியில் மட்டும் ஓடாமல் ஓரங்களில் மேல்நோக்கி வளைந்திருக்கும். துளையின் சுவரில் உரசும் ஓரங்களும் எஃகாக இருப்பதால் மூலை சீக்கிரம் தேயாது, அலகும் உறுதி பெறும்.

எஃகு தடிமனாக இருந்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மெல்லியதாகவும் சீராகவும் இருப்பதே திறமையின் அடையாளம். தடித்த எஃகு என்றால் ஒவ்வொரு தீட்டலிலும் அத்தனை கடின உலோகத்தைத் தேய்க்க வேண்டும். முதுகில் இருக்கும் மெல்லிரும்பு கல்லில் வெண்ணெய் போல் கரைவதால்தான் இவ்வளவு கடினமான உளியையும் கையால் தீட்ட முடிகிறது.

குறை என்று சொன்னால், துரு. வெள்ளை எஃகும் மெல்லிரும்பும் நம் கடலோர ஈரக்காற்றில் ஓர் இரவிலேயே நிறம் மாறும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுவதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

## நீல எஃகும் அதிவேக எஃகும்: முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம்

அதே பட்டறைகள் நீலக் காகித எஃகிலும் உளி அடிக்கின்றன. டங்ஸ்டன் சேர்ந்ததால் தேய்மானத்தைத் தாங்கும், கூர் நீண்ட நேரம் நிற்கும். தீட்டக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். வெள்ளையின் முதல் கூர் இன்னும் நுண்ணியது என்று பலர் உணர்கிறார்கள். அந்த வித்தியாசம் மென்மரத்தின் குறுக்குவெட்டில் தெரியும், தேக்கில் தெரியாது. நாள் முழுதும் தேக்கில் துளை எடுப்பவருக்கு நீலத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமானது. வார இறுதியில் மட்டும் வேலை செய்பவர் வெள்ளையோடு நின்றுகொள்ளலாம்.

இயந்திர வெட்டுக் கருவிகளுக்கான அதிவேக எஃகில் (HSS) வாய் வைத்த உளிகளும் உண்டு. பசையும் மணற்சத்தும் உள்ள பொருள்களில் இவை பிடிவாதமாக நிற்கும். சாதாரணத் தண்ணீர்க்கல் இவற்றில் திணறும், வைரத் தகடோ நல்ல பீங்கான் கல்லோ வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

## பெயர்பெற்ற கொல்லர்: 20,000 யென்னுக்கு மேல், எல்லையில்லாமல்

1957-இல் மறைந்த சியோசுரு கொரேஹிதே வாள் செய்யும் மரபில் வந்து தச்சுக் கருவிக்குத் திரும்பியவர். அவர் கைபட்ட கருவிகள் இன்று சேகரிப்பாளர்களின் உலகில் இருக்கின்றன, தச்சு மேசையில் இல்லை. இன்றுள்ள முதுபெரும் கொல்லர்களின் உளிகளுக்கும் காத்திருப்புப் பட்டியல் உண்டு. வாரிசு இல்லாமல் பட்டறைகள் மூடுவதால் விலை இன்னும் ஏறுகிறது.

இந்த விலையில் என்ன கூடுகிறது? பழைய கப்பல் சங்கிலிகளிலிருந்து எடுத்த, மரநார் போன்ற கோடுகள் தெரியும் தேனிரும்பு. கண்ணாடி போன்ற மெருகு. மூன்று குழிவுள்ள உரா. கருங்காலி, செம்மரக் கைப்பிடி. அலகிலேயே நீரலை போன்ற அடுக்கு வடிவம். இவற்றில் தேனிரும்பு கல்லில் இன்னும் இதமாகத் தேயும், அது உண்மையான நன்மை. மற்றவை பெரும்பாலும் கண்ணுக்கு. கருங்காலிக் கைப்பிடி சுத்தியல் அடிக்கு ஓக்கைவிட ஏற்றதல்ல, விரிசல் விடும். அடுக்கு வடிவம் கூருக்கு எதையும் சேர்ப்பதில்லை.

ஆனாலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தட்டாமல் கையால் தள்ளிச் சீவும் உசு நோமி வகையில், மெல்லிய நீண்ட அலகை நெளியாமல் தோய்ப்பது கடினமான கலை. துளைக்குள் நுழையும் கழுந்தின் தோளைச் சீவுவதும், டவ்டெயில் என்ற புறாவால் வடிவப் பொருத்தின் மூலையைச் சுத்தம் செய்வதும் அன்றாட வேலை என்றால், ஒரே ஒரு நல்ல உசு நோமிக்கு இந்த விலையைக் கொடுக்கலாம். அதைச் சுத்தியலால் தொடவே கூடாது.

## பழைய உளி

பணம் குறைவு, பொறுமை உண்டு என்றால் இதுதான் சிறந்த வழி. ஓய்வுபெற்ற தச்சர்களின் உளிகள் இணைய ஏலங்களில் கட்டுக்கட்டாக வருகின்றன. கடைப் பெட்டி விலையில் கொல்லர் உளி கிடைப்பது அங்கே மட்டும்தான். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும்.

துரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சாய்வுப் பக்கத்தில் எவ்வளவு இருந்தாலும் தேய்த்துப் போக்கிவிடலாம். உரா பக்கத்தில், கூருக்கு அருகில் குழிகுழியாகத் துரு தின்றிருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு குழியும் கூரில் ஒரு பல்லாக வந்து நிற்கும். அலகில் நீல நிறம் தெரிந்தால் யாரோ இயந்திரச் சாணையில் பிடித்துச் சூடேற்றியிருக்கிறார்கள், அங்கே தோய்ச்சல் போய்விட்டது. ஒட்டுக் கோட்டில் கறுப்பு இடைவெளி இருந்தால் எஃகு இரும்பை விட்டுப் பிரிகிறது. உரா எவ்வளவு நீளம் மீதி இருக்கிறது என்பதே உளியின் மீதி ஆயுள். கைப்பிடி உடைந்ததும் பூண் காணாமல் போனதும் பெரிய குறைகள் அல்ல. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: உரா நேராக, அலகு பக்கவாட்டில், சாய்வு முன்னிருந்து. புது உளிக்கும் இதைக் கேட்கலாம். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

புது உளி வந்த அன்றே தட்டத் தொடங்க முடியாது. பல உளிகளில் பூண் தற்காலிகமாகத்தான் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, உள்விளிம்பின் பிசிரை அரத்தால் நீக்கி, கைப்பிடியின் தலையைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி நசுக்கி, பூணை இறுக இறக்கி, மேலே நீட்டியிருக்கும் மரத்தை நனைத்துத் தட்டிப் பூணின்மேல் மடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் தட்டினால் பூண் தளரும், கைப்பிடி பிளக்கும். கொட்டாப்புளியால் தட்டினாலும் வேலை நடக்கும், ஆனால் மரம் சரியாக மடியாத பூண் கொட்டாப்புளியின் முகத்தைக் கடித்துவிடும். இந்த உளிகளுக்கு ஏற்றது 300 அல்லது 375 கிராம் எஃகுச் சுத்தியல்தான்.

அடுத்து கல். 1000 துகள் தண்ணீர்க்கல் ஒன்று, 6000 அல்லது 8000 துகள் ஒன்று, கல்லைச் சமப்படுத்த வைரத் தகடு ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் கொல்லர் உளி வாங்குவதில் பொருளே இல்லை. சந்தை ஓரத்தில் சாணை பிடிப்பவரிடம் ஒரே ஒரு முறை கொடுத்தாலும் போதும், கரிம எஃகின் தோய்ச்சல் சில விநாடிகளில் கெட்டுவிடும்.

இந்தியாவுக்கு வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேரும். ஒரே ஒரு மலிவான உளியை வரவழைப்பது இதனாலேயே நட்டம். இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்கினால் தபால் செலவு பகிர்ந்துபோகும்.

| | கூர் | தயார்ப்படுத்தும் வேலை | யாருக்கு |
|---|---|---|---|
| கடைப் பெட்டி | சுமார் | அதிகம் | வெளிவேலை, பயிற்சி |
| கொல்லரின் சாதாரண வரிசை | மிக நன்று | நடுத்தரம் | பெரும்பாலோருக்கு |
| நீலம், அதிவேக எஃகு | நன்று, நீண்டு நிற்கும் | நடுத்தரம், நல்ல கல் தேவை | தேக்கில் தினசரி வேலை |
| பெயர்பெற்ற கொல்லர் | மிக நன்று | குறைவு | சீவும் உளி, சேகரிப்பு |
| பழைய உளி | பார்த்து வாங்கினால் மிக நன்று | மிக அதிகம் | பொறுமையும் கண்ணும் உள்ளவர் |

## ஜப்பானிய உளியே தேவையா?

துளையில் விட்டு நெம்பியே பழகிய கை, இயந்திரச் சாணையைத் தவிர்க்க முடியாத பட்டறை, எண்ணெய் தடவ நேரமில்லாத வேலை என்றால் மேற்கத்திய உளிதான் சரி. குறைந்த விலையில் செக் நாட்டின் நாரெக்ஸ் நல்ல உளி. அதிகம் செலவிட முடிந்தால் கனடாவின் வெரிட்டாஸ் பிஎம்-வி11 எஃகில் செய்யும் உளிகள் கூரை நீண்ட நேரம் தாங்கும், வெள்ளை எஃகைப் போல் ஒரே இரவில் துருவும் பிடிக்காது.

அப்புறம் அந்த 20,000 யென். உங்களிடம் கற்கள் ஏற்கெனவே இருந்தால் 12 மி.மீ., 24 மி.மீ. இரண்டும் ஒரே கொல்லரின் வெள்ளை எஃகு வரிசையில் வாங்குங்கள். கற்கள் இல்லையென்றால் 12 மி.மீ. உளி ஒன்றும் மீதிப் பணத்துக்குக் கற்களும். 12-ஐ வைத்தே நாற்காலிக் கழுந்து, அலமாரித் துளை, டவ்டெயில் என்று பெரும்பாலான வேலை ஓடும். அடுத்தது 6 மி.மீ. தேவைப்படுகிறதா 24 மி.மீ. தேவைப்படுகிறதா என்று உங்கள் வேலையே காட்டும்.